பன்னீர்ச் செம்பும் எட்டுச் சக்கரமும்

கண்டனூர்ப் பெரிய வீட்டுப் பன்னீர்ச் செம்பின் விலை ஒரு லட்சத்து ஒரு ரூபாய். விலை சொன்னவள் காரைக்குடியில் பழம்பொருள் கடை நடத்தும் நாகவல்லி ஆச்சி. லட்ச ரூபாய், கேட்டவர் மலைத்து எழுந்து போவதற்கு. மேலே அந்த ஒரு ரூபாய், போனவர் பேரம் பேசத் திரும்பி வராமலிருப்பதற்கு. உண்மையில் அந்தச் செம்புக்கு விலையே கிடையாது. ஐந்து பங்காளிகளுக்குப் பொதுவான பொருளை எவரும் விற்க முடியாது. விற்க முடியாததற்கு ஏது விலை? நான்கு தலைமுறைக் கல்யாணங்களில் வந்தவர்கள் தலையில் பன்னீர் தெளித்த வெள்ளி அது.

நான்கு வருடத்துக்கு முன்பு அந்த விலையைக் கேட்டவர், பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பங்காளி தண்டாயுதபாணி. "விக்கவா போறோம் ஆச்சி? சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்று சொல்லி, கடைக் காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக்கூடப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தொண்ணூற்றாறாம் வருடம், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கும் நேரத்தில் ஆச்சியின் கடை வாசலில் ஒரு லூனா வந்து சரிந்து நின்றது. இறங்கியவள் லூசியா டீச்சர். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில் இல்லாமல் அவளை மாதா கோயிலில்கூட யாரும் பார்த்ததில்லை.

"ஆச்சி, பெரிய வீட்டுச் செம்பைக் காணோம். திருச்சிப் பிள்ளை ஒருத்தியத் திருடிங்கறாக."

பர்மாத் தேக்கு முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த வளனுக்குப் புரையேறியது. மதுரை நாளிதழ் ஒன்றின் உள்ளூர் நிருபர் அவன். எந்தச் செய்தியிலும் ஒரு கொலையாவது ஒளிந்திருக்கும் என்று நம்புகிறவன். அன்று மாலை நான்கு மணிக்கு அதே பெரிய வீட்டு வாசலில் நின்று, சரிகை வேட்டியும் பட்டு அங்கவஸ்திரமுமாகத் தண்டாயுதபாணி பன்னீர் தெளித்து விருந்தாளிகளை வரவேற்றதைப் படம் எடுத்தவனும் அவன்தான்.

"ஆச்சி, இது வெளியூர்க் கும்பலு. மச்சு வழியா இறங்கி, ஓட்டைப் பிரிச்சு..."

"நீ டீயைக் குடி" என்றாள் ஆச்சி. "டீச்சர், மொதல்ல இருந்து சொல்லுங்க. யாரு வந்தாக, எதுக்கு வந்தாக?"

லூசியா சொன்னாள். அமெரிக்காவிலிருந்து வந்த சித்தி மகள் ஒரு பெட்டி நிறையச் சக்கரக் காலணிகளைக் கொண்டுவந்ததில் தொடங்கிய விளையாட்டு அது. ரோலர் டெர்பி என்று பெயர். இரண்டு அணிப் பெண்கள் ஒரே வட்டத்தில் சறுக்கிச் சுற்றுவார்கள். நட்சத்திரத் தொப்பி போட்டவள் எதிரணியைப் பிளந்துகொண்டு முந்த வேண்டும். மற்றவர்கள் தோளாலும் இடுப்பாலும் இடித்து மறிக்க வேண்டும். காரைக்குடியில் ஒரு அரிசி ஆலையின் சிமெண்டுக் களம்தான் மைதானம். நெல் காயாத நாளில் பெண்கள் விழுந்து முழங்கால் காய்வார்கள். நாளைக் காலை சாம்பியன் போட்டி தொடக்கம். லூசியாவின் காரைக்குடி அணியோடு மோத, திருச்சி, மதுரை, கோயமுத்தூர் என மூன்று ஊர் அணிகள், நாற்பத்திரண்டு பேர் வந்திறங்கியாயிற்று. தங்க இடம் கேட்டு லூசியா அலைந்தபோது, கல்யாணத்துக்கு மட்டுமே திறக்கும் பெரிய வீட்டைத் தண்டாயுதபாணி வலிய வந்து கொடுத்தார், வாடகை இல்லாமல்.

"அவுகளா? சும்மாவா?" என்றாள் ஆச்சி.

"நானும் கையெடுத்துக் கும்பிட்டேன் ஆச்சி. ஆலத்தி என்ன, சந்தனம் என்ன, கல்கண்டு என்ன! அந்தச் செம்பை வேற யாருகிட்டயும் குடுக்காம அவுகளே பிடிச்சுத் தெளிச்சாக. எல்லாரும் உள்ள போன பிறகு ஆலத்தித் தண்ணிய வாசல்ல கொட்டுனாக. செம்பைப் பட்டாலைக் கூடத்து மேசையில வச்சிட்டுப் பின்கட்டுல பந்தி. வெள்ளைப் பணியாரம். சாப்பிட்டு வந்து பாத்தா மேசை காலி. நிலைப்படியில இருந்து மேசை வரைக்கும் செவப்பாச் சக்கரத் தடம். முகப்புல கழட்டி வச்சிருந்த ஸ்கேட்டுல தீபலட்சுமியோட ஜோடியில மட்டும் சக்கரம் எட்டும் செவப்பு. பந்தியில பாதியில எந்திரிச்சுப் போனவளும் அவதான்."

"போலீஸுக்குச் சொன்னாகளா?"

"இல்ல. 'பொம்பளைப் பிள்ளைக, பேரு கெட்டுரும். ராத்திரிக்குள்ள எல்லாரும் ஊரைப் பாக்கப் போயிருங்க, நான் புகார் குடுக்கல' அப்படிங்கறாக. பிள்ளைக பெட்டியைத் தெறந்து பாருங்கன்னு வீம்பா நிக்குதுக. அதுவும் வேணாமாம். ஆச்சி, சந்தனம் குடுத்துக் கூப்பிட்ட வாசல் வழியாவே திருடின்னு வெளிய அனுப்புறதா? அந்தப் பிள்ளை நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திருச்சியில இறங்கும்? அவ இல்லாம நாங்களும் ஆடலன்னு மத்த ரெண்டு ஊரும் சொல்லிருச்சு." விசிலை இறுகப் பிடித்தாள். "காலையில இதை ஊதாம நான் விடப் போறதில்ல."

ஆச்சி கடைச் சாவியை எடுத்தாள்.

வளனின் டி.வி.எஸ். ஐம்பதில் ஆச்சி பின்னால் உட்கார, லூனா வழிகாட்ட, கண்டனூர் போய்ச் சேர்ந்தார்கள். வழியெல்லாம் வளன் யோசித்துக்கொண்டே வந்தான். பெரிய வீட்டு முகப்பில் இறங்கும்போது அவனிடம் மூன்று குற்றவாளிகள் தயாராக இருந்தார்கள். ஒருவரையும் அவன் பார்த்ததில்லை என்பது மட்டும்தான் குறை.

படிக்கட்டுக்கு முன்னே தெருவில், கொட்டிய ஆலத்தி நீர் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பாய்த் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. செருப்போ சக்கரமோ உள்ளே போகக்கூடாத வீடு. முகப்பில் ஸ்கேட்டுகள் ஜோடி ஜோடியாக, பெயர்ச் சீட்டு ஒட்டி வரிசையில் இருந்தன. ஐந்து படி. அதற்கு மேல் முழங்கால் உயரத் தேக்கு நிலைப்படி. அதைத் தாண்டிய இடத்திலேயே தடம் தொடங்கியது. கண்ணாடி போன்ற தரையில், காலுக்கு இரண்டு கோடாக, தண்டவாளம் போட்டது போல நேராக மேசை வரை ஓடி முடிந்தது.

"அப்பாடி, என்னா வேகமாப் போயிருப்பா!" என்றான் வளன். "ஆச்சி, பாருங்க, கொஞ்சங்கூட வளையல."

"ஆமா, வளையல" என்றாள் ஆச்சி. அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தண்டாயுதபாணி வந்தார். நாலு முழ வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் புதுத் திருநீறு.

"ஆச்சியா? ஒங்களுக்கு எதுக்கு இந்தச் செரமம்? போன பொருள் போனதுதான். பிள்ளைக நல்லபடியா ஊரு போய்ச் சேரட்டும்."

"பெரிய மனசு அண்ணே" என்றாள் ஆச்சி. "ஸ்கேட்டை மாட்டிக்கிட்டு எதுக்குத் திருட வருவா?"

"சத்தமில்லாம வழுக்கிக்கிட்டு வந்து எடுத்துட்டு ஓடத்தான். நடந்தா காலடிச் சத்தம் கேக்குமில்ல?"

"இந்தப் பிள்ளைக ஆடறதைப் பாத்திருக்கீகளா?"

"எனக்கெங்க நேரம்? இனிமேதான் பாக்கணும்னு இருந்தேன். குடுத்துவைக்கல."

ஆச்சி தலையாட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே வீட்டு வேலை செய்யும் ராக்காயி, பந்தி முடிந்த அண்டாக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"சாமானெல்லாம் மின்னுதே ராக்காயி. எதைப் போட்டுத் தேச்ச?"

"புளிதேன் ஆச்சி. ரெண்டு நாளாத் தேச்சுத் தோள்பட்டை கழண்டு போச்சு. கல்யாணம் நடந்து அஞ்சு வருசமாச்சுல்ல, அம்புட்டும் களிம்பு."

"வெள்ளிச் செம்பு?"

"அதுக்குத் திருநீறு எடுத்து வச்சேன். வேலையே வைக்கல. காலைல மொதலாளியே பெட்டியத் தொறந்து எடுத்தாக. என்னத்தைச் சொல்ல, புதுப் பொண்ணு மாதிரி பளபளன்னு இருந்துச்சு. எனக்கு ஒரு வேலை மிச்சம்."

"பெட்டியை நடுவுல யாரும் தொறந்தாகளா?"

"சாவியும் முத்திரைக் கட்டையும் அவுக இடுப்புலல்ல கெடக்கு? அஞ்சு வருசமா அரக்கு முத்திரையோட இருந்துச்சு. காலைலதேன் என் கண்ணு முன்னால ஒடச்சாக."

கிணற்றடியில் ஒரு வாளியில் வேட்டி ஒன்று ஊறிக்கொண்டிருந்தது. சோப்பு நுரைக்குக் கீழே தண்ணீர் செக்கச் செவேலென்றிருந்தது. ஆச்சி குனிந்து பார்த்தாள், சரிகைக் கரையை விரலால் தொட்டாள், கையைத் துடைத்துக்கொண்டாள். வளன் அந்த வாளியைத் தாண்டிக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். அவனுக்கு உள்ளே ஒரு பிணம் தேவைப்பட்டது. தண்ணீர்தான் இருந்தது.

துவைகல்லில் ஒரு பெண் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். திருச்சி அணித் தலைவி தீபலட்சுமி. அழுது முடித்துவிட்டு, இனி அழுவதில்லை என்று முடிவெடுத்த முகம்.

"ஏம்மா பந்தியில எந்திரிச்ச?" என்றாள் ஆச்சி.

"எனக்கு பஸ்ல வந்தாலே குமட்டும். ரெண்டு பணியாரம் உள்ள போச்சு, அது வந்த வழியே கிளம்பிருச்சு. இங்கதான் ஓடி வந்தேன்."

"ஸ்கேட்டை மாட்டிக்கிட்டா?"

"வாந்தி எடுக்கப் போறவ ஸ்கேட் மாட்டி, லேஸ் கட்டிக்கிட்டா போவா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மன்னிச்சுக்குங்க. சாயங்காலத்துலேர்ந்து கேட்ட கேள்வியிலேயே நீங்க கேட்டதுதான் மரியாதையானது. எனக்கு வழிச்செலவு தந்து அனுப்பினாலும் நான் போகமாட்டேன். திருடலைன்னு தெரிஞ்ச பிறகுதான் இந்தப் படியிறங்குவேன்."

"இறங்க வேணாம்" என்றாள் ஆச்சி. "ஏறணும். ஸ்கேட்டை எடுத்துக்கிட்டு வா."

சற்று நேரத்தில் பட்டாலையில் எல்லோரும் கூடினார்கள். மூன்று ஊர்ப் பெண்களும் சுவரோரமாக நின்றார்கள். தண்டாயுதபாணி ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்திருந்தார். ஆச்சி சொன்னபடி ராக்காயி ஒரு தாம்பாளத்தில் புதிதாக ஆலத்தி கரைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன ஆச்சி, மறுபடியும் வரவேற்பா?" என்று சிரிக்கப் பார்த்தார் தண்டாயுதபாணி.

"மொத வரவேற்பு சரியா அமையலையே அண்ணே. தீபலட்சுமி, நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்னு ஸ்கேட்டை மாட்டு. சக்கரத்தை இந்தத் தண்ணியில நனைச்சுக்க. அந்தப் பழைய தடத்துக்குப் பக்கத்துல, மேசை வரைக்கும் போ."

"ஐயையோ, தரை!" என்று எழுந்தார் தண்டாயுதபாணி. "இத்தாலிக் கல்லு ஆச்சி அது! கறை புடிச்சா போகாது!"

"திருட்டுப் பட்டத்தைவிடச் சீக்கிரம் போயிரும். போம்மா."

தீபலட்சுமி கிளம்பினாள். அடுத்த கணம் அந்தப் பெரிய வீடு அதிர்ந்தது. உத்தரத்துப் புறாக்கள் படபடத்தன. தரையில் யாரோ அம்மிக் கல்லை உருட்டிவிட்டது போல ஒரு கடகடப்பு. தெருவிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மேசையருகே ஒரு சுழற்றில் அவள் நின்றபோது காதில் இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

"அண்ணே, இதுதான் நீங்க சொன்ன சத்தமில்லாத வண்டி" என்றாள் ஆச்சி. "பந்தியில நாப்பது பேரு இருந்தாக. யாருக்காவது இந்தச் சத்தம் கேட்டுச்சா?"

ஒருவருக்கும் கேட்கவில்லை.

"இப்பத் தரையைப் பாருங்க."

எல்லோரும் குனிந்தார்கள். பழைய தடம் தண்டவாளம் போல நேராக இருந்தது. புதுத் தடம் அப்படியில்லை. வலப்பக்கம் ஒரு சாய்ந்த கீற்று, இடப்பக்கம் ஒரு சாய்ந்த கீற்று, மறுபடி வலம், மறுபடி இடம் என்று விராலின் முள்ளைத் தரையில் பதித்தது போல விரிந்து கிடந்தது.

லூசியா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கடவுளே! தினமும் நான் சொல்லிக் குடுக்கிறதுல்ல இது! காலைச் சாய்ச்சு வெளிப்பக்கமா உந்துனாத்தான் நகர முடியும். நேரா வச்சா நின்ன இடத்துலயே நிப்போம்!"

"வெளிய இருந்து வேகமா ஓடி வந்து வழுக்கியிருக்கலாமே?" என்றான் வளன், தன் குற்றவாளிகளை இழக்க மனமில்லாமல்.

"எப்படி?" என்றாள் ஆச்சி. "அஞ்சு படி ஏறி, முழங்கால் ஒசர நிலைப்படியத் தாண்டிக் காலை வைக்கணும். அங்க நின்னுதான் ஆகணும். நின்ன எடத்துல இருந்து கிளம்புனா மீன் முள்ளுதான் விழும். அப்ப இந்த நேர்க்கோடு எப்படி வந்துச்சு? காலு இல்லாம, கையால ஜோடியத் தள்ளுனா வரும். சக்கரம்னா மாட்டுவண்டி மாதிரி நேராத்தான் ஓடும்னு நெனைக்கிறவுக தள்ளியிருக்காக. இந்த ஆட்டத்தை ஒரு நாளும் பாக்காதவுக."

வளன் மெல்ல ஊஞ்சலைத் திரும்பிப் பார்த்தான். அவன் மட்டுமல்ல.

"அண்ணே, நீங்களே சொல்றீகளா, நான் சொல்லட்டுமா?"

தண்டாயுதபாணி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "என்னத்தைச் சொல்றது? என் வீட்டுப் பொருளை நானே திருடுவேனா?"

"திருடல. காணாமப் போக்குனீக. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. பொருளைப் பறிகொடுத்தவன் என்ன செய்வான்? கதவைச் சாத்துவான், ஒருத்தரையும் வெளிய விடமாட்டான், பெட்டியெல்லாம் தட்டிக் கொட்டிப் பாப்பான். நீங்க கதவைத் தொறந்துவிட்டுப் போங்க போங்கன்னு வெரட்டுறீக. பெட்டியைப் பாருங்கன்னு அதுகளே சொன்னாலும் மாட்டேங்கறீக. ஒங்களுக்குச் செம்பு திரும்பி வரக்கூடாது. திருடுனதா ஒரு கூட்டம் மட்டும் வேணும்."

"விருந்தாளிக்கு மரியாதை குடுத்தது குத்தமா?"

"அதையும் பாப்போம். பந்தியில எல்லாரும் எலையில உக்காந்திருந்தாக. நம்ம வழக்கப்படி விருந்தாளி சாப்பிடுறப்ப வீட்டுக்காரர் உக்காரமாட்டாரு. அங்குட்டும் இங்குட்டும் போவாரு. ஏன்னு யாரும் கேக்கமாட்டாக. நாலு மணிக்கு நீங்க சரிகை வேட்டி. வளன் படமே எடுத்திருக்கான். இப்ப நாலு முழம். குத்துக்கால் வச்சு ஸ்கேட்டைத் தள்ளுறப்ப வேட்டி முனை ஆலத்தியில தோஞ்சிருச்சு. கறையைப் போக்க நீங்களே சோப்புத் தண்ணியில ஊறப் போட்டீக. மஞ்சக் கறை சோப்புப் பட்டாச் செவக்கும் அண்ணே. ஒரு நாளாச்சும் சொந்தமாத் துணி துவைச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். லூசியா முறைக்க, நிறுத்தினாள்.

"எதுக்கு ஆச்சி?" என்றான் வளன், உண்மையாகவே குழம்பி. "வெள்ளிச் செம்பை அவுகளே எதுக்கு மறைக்கணும்?"

"வெள்ளியா இருந்தா மறைக்க வேண்டியதில்ல. அஞ்சு வருசம் அரக்கு வச்ச பெட்டிக்குள்ள கெடந்த வெள்ளி கருவாடு மாதிரி கறுத்திருக்கணும். இது பளபளன்னு வந்துச்சுன்னு ராக்காயி சொல்றா. கறுக்காத வெள்ளி, வெள்ளியே இல்ல, நிக்கல் முலாம். அரக்கை ஒடச்சு மாத்தி வச்சு, மறுபடி முத்திரை போட சாவி வச்சிருக்கவுகளால மட்டுந்தான் முடியும். தை மாசம் ஒங்க பங்காளி ஒருத்தர் வீட்டுக் கல்யாணம் இந்த வீட்டுலதான். மத்த நாலு பங்காளியும் வருவாக. அவுகள்ல ரெண்டு பேரு வெள்ளிக்கடை வச்சிருக்கவுக. கையில வாங்குன ஒடனே எடை தெரிஞ்சிரும். அதுக்குள்ள செம்பு போயிரணும். போனதுக்கு முன்னப்பின்ன தெரியாத நாப்பது பேரு வீட்டுக்குள்ள வந்திருக்கணும். எச்சில் கையால காக்கா ஓட்டாத நீங்க வாடகை இல்லாம வீட்டைக் குடுத்தீகன்னு கேட்டப்பவே எனக்குச் சந்தேகம். நாலு வருசத்துக்கு முந்தி எங்கிட்ட விலை கேட்டீக. விக்காத பொருளுக்கு எவனாவது விலை கேப்பானா?"

ஊஞ்சல் நின்றிருந்தது. தண்டாயுதபாணி எழுந்து, தன் அறைக்குப் போய், பூட்டைத் திறந்து, அரிசிப் பானைக்குள் கையை விட்டுச் செம்பை எடுத்து வந்து மேசையில் வைத்தார். அவர் வைத்த ஓசையிலேயே அது தகரக் குரலில் தன் ஜாதகத்தைச் சொல்லிவிட்டது.

"மகனுக்கு இன்ஜினியரிங் சீட்டு" என்றார். "டொனேஷன் கேட்டாக. மதுரையில ஒருத்தன்கிட்டக் குடுத்தேன்."

"எவ்வளவுக்கு?"

அவர் தயங்கினார். "முப்பது."

"ஆயிரமா?" ஆச்சியின் குரல் அன்று முதல் முறையாக உயர்ந்தது. "முப்பதாயிரத்துக்கா? லட்சம்னு நான் சொன்ன பிறகுமா? அண்ணே, திருட்டைக்கூடப் பங்காளிக மன்னிச்சாலும் மன்னிப்பாக, இந்த வியாபாரத்தை மன்னிக்கமாட்டாக."

பிறகு குரல் பழைய இடத்துக்கு இறங்கியது. "காலையில கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு வாங்க. நாலு பங்காளிக்கும் நீங்களே போன் பண்ணி நடந்ததைச் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன். இந்தப் பிள்ளைக ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்கதான் இருக்கும். பணியாரம் தினமும் உண்டு."

தண்டாயுதபாணி தீபலட்சுமியின் முன் போய் நின்றார். கைகூப்பினார்.

"இருக்கட்டும்" என்றாள் அவள். "எனக்குக் காலையில ஆட்டம் இருக்கு. தூங்கணும்."

மறுநாள் காலை, பூத்தில் நான்காவது போன் முடியும் நேரத்தில், ஆலைக் களத்திலிருந்து லூசியாவின் விசில் கடைத்தெரு வரை கேட்டது. ஞாயிறு மாலை இறுதி ஆட்டம். நட்சத்திரத் தொப்பி போட்ட தீபலட்சுமி காரைக்குடி அணியின் மறியலை மூன்று முறை பிளந்துகொண்டு வந்ததில் கோப்பை திருச்சிக்குப் போயிற்று. களத்தோரம் தண்டாயுதபாணி முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். சாய்ந்து சாய்ந்து போகும் கால்களையே அவர் பார்த்துக்கொண்டிருந்ததை வளன் கவனித்தான்.

அன்றிரவு வழியனுப்பும் சடங்கு. எவர்சில்வர்ச் சொம்பில் பன்னீர், கிண்ணத்தில் சந்தனம். படியில் நின்று தண்டாயுதபாணியே கொடுத்தார். பெண்கள் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். கடைசியாக வந்தவள் தீபலட்சுமி. அவர் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். அவள் கோப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அடுத்த வருஷப் போட்டிக்கும் இதே வீட்டுல தங்க வச்சா வந்து வாங்கிக்கிறேன்" என்றாள். ஐந்து படியையும் நிதானமாக இறங்கிப் போனாள்.

பஸ் திரும்பியது. வளன் மெதுவாகக் கேட்டான்: "ஆச்சி, கணக்கு நேராயிருச்சா?"

ஆச்சி சந்தனக் கிண்ணத்தையும், அதை இன்னும் நீட்டியபடியே நின்ற கையையும் பார்த்தாள்.

"வந்தவுக நாப்பத்திரண்டு. சந்தனம் வாங்குனவுக நாப்பத்தொண்ணு. அண்ணே, பாக்கி ஒண்ணு."